இன்பம் வளர்வதுண்டோ?
ஆண்டுகள் செல்லச் செல்ல மனிதன் இன்பத்தில் வளரக்கூடுமா? இவ்வினாவுக்குத் தம் 32ஆம் வயதில் ஒரு விடையை எழுதி, எழுபதைக் கடந்தபின் அதனைத் தாமே திருத்திய பெருமகன் ஒருவர் உண்டு. அவரே கிறித்துவத் திருச்சபையின் பேராசானாகிய அகுஸ்தினார்.

கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அவர், இத்தாலியின் மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராய் விளங்கினார். 386இல் மனமாற்றமும் நெஞ்சுநோயும் ஒருங்கே வர, அப்பணியைத் துறந்து நண்பர் ஒருவரின் நாட்டுப்புற வீட்டில் தங்கினார். அங்கே தம் பிறந்தநாளாகிய நவம்பர் 13இல், அன்னை மோனிக்கா, மகன், உடன்பிறந்தார், மாணாக்கர் ஆகியோருடன் பேசத் தொடங்கிய பேச்சு மூன்று நாள் நீண்டது. அதுவே ‘இன்ப வாழ்வு’ என்னும் நூலாயிற்று. விரும்பியதைப் பெற்றவன் இன்பமுடையவனா என மகன் வினவ, விரும்பியது நல்லதாயின் ஆம், தீயதாயின் பெற்றும் அவன் துன்புற்றவனே என்றார் அன்னை. மெய்யியல் பயிலாத தாயின் விடை கேட்டு வியந்தார் மகன். (மாணாக்கரைவிட அன்னையே முந்திக்கொண்டார் என்பதை ஆசிரியப் பெருமக்கள் கவனிப்பார்களாக!) இறைவனைப் பெற்றவனே இன்பமுடையவன் என்பது முடிபு. உடல் எந்நிலையுற்றாலும் ஞானியின் உள்ளத்தில் இம்மையிலேயே இன்பம் குடிகொள்ளும் என்றும் அந்நூலில் எழுதினார்.

மறு ஆண்டே மோனிக்கா மறைந்தார். சில ஆண்டுகளில் மகனையும் இளமையிலேயே கூற்றுவன் கொண்டான். ஹிப்போ நகரின் ஆயராகி, ஓயாத வழக்குகளுக்கு நடுவே காலம் கழிந்தது. 410இல் உரோமை சூறையாடப்பட்டது. ஏதிலிகள் கடல் கடந்து ஆப்பிரிக்கா வந்தனர்.

426, 427ஆம் ஆண்டுகளில் தம் நூல்களை எல்லாம் எடுத்து மறுபார்வையிட்ட அகுஸ்தினார், இளமையில் எழுதிய அக்கருத்து தவறு எனக் குறித்தார். நிறைவான இன்பம் மறுமைக்குரியது. இங்கு உள்ளது அதன் நம்பிக்கையே.

இஃது முதுமையின் சோர்வு என்பாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. துன்பம் ஞானியைத் தீண்டாது என்ற ஸ்டோயிக்கர், துன்பம் மிகுந்தால் உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்றும் கூறினர். தப்பியோட வேண்டிய வாழ்வு எங்ஙனம் இன்ப வாழ்வாகும் என்று ‘இறைவனின் நகரம்’ என்னும் பெருநூலில் அவர் மடக்குகிறார். முந்தைய கொள்கையின்படி, தாய்க்காக அழுத கண்ணீரும் அறியாமையே ஆகிவிடும். திருத்திய கொள்கையில் அழுவதற்கும் இடமுண்டு, அன்பு வளர்வதற்கும் இடமுண்டு.

430இல் வாண்டல் படை ஹிப்போவை முற்றுகையிட்டது. நோயுற்றுக் கிடந்த முதியவர், தாவீதின் மனவருத்தச் சங்கீதங்களை எழுதுவித்துப் படுக்கையருகே சுவரில் பதிக்கச் செய்து, அழுதுகொண்டே படித்துவந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் நீத்தார்.