டாமாக்கி மலைக்கோட்டைகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து மாநகரம் அமைந்துள்ள ஒடுங்கிய பூசந்தியை மவோரி மக்கள் டாமாக்கி மக்காவுராவ் என வழங்குவர். ஐம்பதுக்கு மேற்பட்ட எரிமலைகள் விரவிய இப்பிரதேசத்தில், பாலினீசியக் கடலோடிகளின் சந்ததியார் மத்திய காலத்தின் பிற்பகுதியிலேயே குடியேறிவிட்டனர் என்பதற்கு, ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் ரங்கிடோட்டோ எரிமலை கடலினின்று வெடித்தெழுந்தபோது அண்டையிலுள்ள மோட்டுடாப்புத் தீவின் சாம்பற்படிவில் பதிந்த மனிதர், நாய்களின் காலடிச்சுவடுகளே பிரத்தியட்ச சாட்சி.

பின்வந்த நூற்றாண்டுகளில் அவர்கள் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் தளங்களாக்கி, அகழியும் மரவேலியும் அமைத்து, 'பா' எனப்படும் அரண்களை நிறுவினர். உஷ்ணதேசப் பயிரான சர்க்கரைவள்ளிக்கிழங்கு இந்நாட்டுக் குளிரில் அழுகிப்போகாதிருக்க, நிலத்தில் செவ்வகக்குழி தோண்டிக் கூரையிட்டுச் சேமித்தனர்; 182 மீட்டர் உயரமுள்ள மவுங்காகியேகியே மலையில் அக்குழிகளின் பள்ளங்களைப் புல்வெளியினூடே இன்றும் காணலாம். 18ஆம் நூற்றாண்டில் அம்மலையில் வீற்றிருந்த வாயோஹுவா குலத் தலைவர் கீவி டாமாக்கி, நாட்டி ஃபாட்டுவா குலத்தாருடன் பொருது மாண்டபின் பூசந்தியின் ஆதிபத்தியம் கைமாறியது.

1840இல் ஆங்கிலேயர் தலைநகர் அமைத்தபின் நேர்ந்ததோ வேறுவிதச் சேதம்: சாலைக்கும் ரயில் பாதைக்கும் கல்லெடுப்பதற்காக, போரிலும் அழியாத பல குன்றுகள் குடைந்து தரைமட்டமாக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் 14 மலைகளின் உரிமை 2014இல் சட்டபூர்வமாக 13 மவோரிக் குலங்களுக்கு மீண்டது.