லயத்துக்கு வந்த வானொலி

மலாயாவில் முதன்முதலாக மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்திய பெருமை கோலாலம்பூருக்கு உரியதன்று. ரவாங்கிலிருந்த ஈயச் சுரங்கத்துக்கே உரியது. 1894இல் அங்கே மின்சார யந்திரத்தை நிறுவியவர்கள் லோக் இயூ என்னும் சீனச் செல்வரும், பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். அந்த ரவாங்கிலிருந்து வடக்கே செரண்டாவை நோக்கிப் போகும் வழியில்தான் சுங்கை சோ வட்டாரம் இருக்கிறது. ஆயினும் அந்நிகழ்ச்சிக்கு இரண்டு தலைமுறைகளுக்குப் பின்னரும் இவ்வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பதையும், மின்சாரம் துரை பங்களாவோடும் புகைக்கூண்டு உயர்ந்த ரப்பர் ஆலையோடும் நின்றுவிட்டது என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டாலன்றி, வானொலி இங்கே வந்த சரித்திரம் நமக்கு விளங்காது.

வானொலிப் பெட்டியை 1921இல் மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் ஜொகூர் அரசாங்கத்தின் மின்சாரப் பொறியாளரான பர்ச் என்பவர். 1930இல் கோலாலம்பூர் வானொலி ஆர்வலர் சங்கத்தார் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கினர். இவையெல்லாம் கனவான்களின் பொழுதுபோக்காகவே இருந்தன. மின்சாரமில்லாத இடத்தில் ஒரு வால்வு ரேடியோவை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமா? வால்வின் இழையைச் சூடேற்ற ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றும், அதை வேலை வாங்கத் தொண்ணூறு வோல்ட் பேட்டரி ஒன்றும் வேண்டும். இரண்டும் செலவு பிடித்தவை, திரும்பச் சக்தியூட்ட முடியாதவை. இவற்றோடு ஏரியல் என்னும் இன்னொரு பிரயாசை. நீண்ட இரு மூங்கில்களை நட்டு, அவற்றின் தலைகளில் பீங்கான் குமிழ்களைக் கட்டி, இடையே செம்புக் கம்பியை இழுத்து, அதிலிருந்து ஒரு கம்பியைச் சன்னல் வழியே பெட்டிக்கும், பெட்டியிலிருந்து மற்றொன்றை ஈரமண்ணில் அடித்த இரும்புக் குழாய்க்கும் கொண்டுபோக வேண்டும். மாலைதோறும் இடி இடிக்கும் சிலாங்கூரில் அந்த மண் கம்பியை மறந்தவன் பெட்டியை இழக்கவும் கூடும்.

1948இல் அவசரகாலம் பிறந்ததும் நிலைமை மாறிற்று. தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் உள்ள ஜனங்களின் காதைத் தான் பிடிக்காவிட்டால் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் பிடித்துவிடுவார்கள் என்று அஞ்சிய அரசாங்கம், பொது இடங்களில் கூட்டமாகக் கேட்பதற்கான பெட்டிகளை வைக்கலாயிற்று. பிற்காலத்தில் பிபிசியின் தலைமை இயக்குநரான ஹியூ கார்ல்டன் கிரீனே இந்தப் பிரசாரத்தைச் சில காலம் நடத்தியவர். அதன் நோக்கம் எதுவாயினும், ஒரு பெட்டியைச் சுற்றிப் பல குடும்பங்கள் அமர்ந்து தமிழில் செய்தி கேட்கும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியதை நான் நன்மையாகவே கருதுகிறேன். 1949இல் கோலாலம்பூரில் தொடங்கிய ரெடிபியூஷனோ கம்பி வழியே வீட்டுக்கு வருவதாதலால், பட்டணத்து வாசிகளுக்கே பயன்பட்டது.

தோட்டத்துக்கு வேண்டிய பேட்டரியையும் ரேடியோவையும் ஏறக்குறைய ஒருங்கே கைக்கொண்ட ஸ்தாபனம் ஒன்று அப்போதே ஜப்பானில் இருந்தது. ஒன்பது வயதில் பள்ளியை விட்டுக் கரியடுப்புக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்த கோனோசுகே மட்சுஷிடா, 1918இல் ஒசாகாவில் மின் இணைப்புச் செருகிகள் செய்யும் சிறு பட்டறையைத் தொடங்கினார். சைக்கிள் விளக்கில் பெயரெடுத்த அவர், பின்னர் வேறொருவர் தொழிற்சாலையோடு கூட்டுச் சேர்ந்து ரேடியோ விற்கப் புகுந்தபோது, விற்ற பெட்டிகள் பழுதாகிக் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தன. கூட்டாளி, விஷயம் தெரிந்த ரேடியோக் கடைகளுக்கே விற்போம் என்றார்; மட்சுஷிடாவோ, விஷயம் தெரியாத கடைக்காரன் கையிலும் கெடாத பெட்டியே பெட்டி என்று உறுதியாக நின்று, கூட்டைப் பிரித்துக்கொண்டு, நக்காவோ என்னும் தம் பொறியாளரிடம் அப்பணியை ஒப்படைத்தார். நக்காவோ மூன்றே மாதங்களில் செய்துமுடித்த மூன்று வால்வுப் பெட்டி 1931இல் ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்தின் போட்டியில் முதற்பரிசு பெற்றது. அதே ஆண்டில் ஸ்தாபனம் உலர் பேட்டரியும் செய்யத் தொடங்கியது. மறு ஆண்டு, ரேடியோத் தொழில் முழுவதையும் முடக்கிவைத்திருந்த ஒரு காப்புரிமையை விலைக்கு வாங்கி, போட்டியாளர் உட்பட யாவரும் இலவசமாக எடுத்தாளலாம் என்று அவர் அறிவித்தது வியாபார சரித்திரத்தில் அபூர்வமான செய்கை.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு, தொண்ணூறு வோல்ட் பாரம் ஒழிந்து, டார்ச் விளக்குக்குப் போடும் சில பேட்டரிகளே போதுமென்றாயிற்று. பெட்டிக்குள்ளேயே பெரைட் தண்டில் சுற்றிய கம்பிச்சுருள் மத்திய அலைக்கு ஏரியலாயிற்று. தொலைதூரத்துச் சிற்றலையைப் பிடிக்க மட்டும், இழுத்து நீட்டும் கோலும், அதில் மாட்டிக் கூரைக்கு ஏற்றும் கம்பியும் தேவைப்பட்டன. மட்சுஷிடா ஸ்தாபனம் 1965இல் மலேசியாவுக்கு வந்தபோது, சிலாங்கூரின் ஷா ஆலமில் முதலில் செய்ய எடுத்துக்கொண்ட பொருள் உலர் பேட்டரியே என்பதைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் எட்டாத கம்பத்தையும் தோட்டத்தையும் கண்டுகொண்ட வியாபாரக் கண் அது. 'நேஷனல்' என்ற பெயர் பொறித்த அந்த ஸ்தாபனத்தின் பேட்டரிகள் தோட்டத்துக் கடைகளில் மீன் டின்களுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன. குரல் இழுக்கத் தொடங்கிய பேட்டரியைக் கழற்றி, சிமெண்டுத் திண்ணையில் வெயிலில் காயவைத்து, மாலைச் செய்திக்குள் மீண்டும் போட்டுக் கேட்ட சிக்கனத்தை அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் அறிந்திருப்பார்களா?

ஒலிபரப்பின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் நிலையங்களையும் அறிவிப்பாளர்களையும் போற்றுகிறார்கள், அது நியாயமே. ஆனால் தோட்டத்தைப் பொறுத்தவரை, பேட்டரி செய்தவனுக்கும் கூரைமேல் கம்பி கட்டியவனுக்கும் அந்தப் புகழில் சரிபாதி பங்குண்டு என்பது என் தீர்ப்பு. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இக்காலத்தில், பரணில் கிடக்கும் பழைய ரேடியோவையோ அதற்குக் கட்டிய லைசென்சுச் சீட்டையோ கண்டெடுப்பவர்கள், அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுமுன், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும்படி வேண்டுகிறேன்.