பருத்திப் பூவும் வெங்காயத் தோலும்: குளித்தலை சேஷாத்ரி சொல்லும் பாடம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ், செமஸ்டர் அரியர் என்று பழைய கதை எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சென்ற ஆண்டு சந்திப்பில் ஒரு மூன்றாமாண்டு மாணவர் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. வேப்பந்தட்டைப் பக்கத்துப் பையன். அப்பாவுக்கு நாலு ஏக்கர் பருத்தி. "அண்ணே, நம்ம காலேஜ்ல படிச்சிட்டு ஆராய்ச்சிக்கெல்லாம் போக முடியுமா? அதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்களுக்குத்தானே?" என்று கேட்டார். "ஏன் முடியாது தம்பி, முயற்சி பண்ணு" என்று முதுகில் தட்டிவிட்டு நான் காபி குடிக்கப் போய்விட்டேன். அது பதிலே இல்லை என்று பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஒரு வருடம் கழித்து, பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் இன்று சாயமும் பூச்சும் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். அந்த வேலைக்காகப் படிக்கப் போன இடத்தில்தான் டி. ஆர். சேஷாத்ரி என்ற பெயரைச் சந்தித்தேன். பிறந்த ஊர் குளித்தலை என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குளித்தலை இன்று கரூர் மாவட்டம். ஆனால் அவர் பிறந்த 1900-ஆம் ஆண்டில் குளித்தலை, பெரம்பலூர், உடையார்பாளையம் எல்லாமே ஒரே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தாலுகாக்கள். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல்தான். அரியலூர் நிலையாகப் பிரிந்தது 2007-இல். ஆகவே அவரை "நம்ம மாவட்டத்துக்காரர்" என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு!

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும். 1917-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். வசதியான குடும்பம் அல்ல. சென்னையில் படிக்க ராமகிருஷ்ண மிஷன் கைகொடுத்தது. ஆராய்ச்சியில் இறக்கிவிட்டவர் பேராசிரியர் பி. பி. டே. 1927-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய் ராபர்ட் ராபின்சனிடம் மாணவராகச் சேர்ந்தார். பூக்களுக்கும் பழங்களுக்கும் நிறம் தரும் பொருள்களை ஆராய்ந்த மேதை ராபின்சன். பின்னாளில், 1947-இல், நோபல் பரிசு பெற்றவர். 1929-இல் பி.எச்டி. முடிந்ததும் சேஷாத்ரி நேரே ஊர் திரும்பவில்லை. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துக்குப் போய் ஃபிரிட்ஸ் பிரேகலிடம் சில மாதங்கள் வேலை கற்றார்.

இந்தச் சில மாதங்களைத்தான் நான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு கரிமச் சேர்மத்தில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று அறிய அதை எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் எடை போட வேண்டும். பழைய முறையில் ஒரு தடவைக்குச் சுமார் கால் கிராம் சுத்தமான பொருள் வேண்டும். அதைச் சில மில்லிகிராமிலேயே செய்து காட்டியவர் பிரேகல். அதற்காகவே 1923-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. கூடை கூடையாகப் பூவைப் பறித்துச் சாறு எடுத்தாலும் கடைசியில் கையில் மிஞ்சும் சாயப்பொருள் கொஞ்சம்தான். கொஞ்சத்தை வைத்துக்கொண்டு முழு விவரமும் கறக்கும் வித்தையை அவர் கற்றுக்கொண்டு வந்தார். இல்லாத ஊரில் ஆராய்ச்சி செய்யப் போகிறவருக்கு இதைவிட நல்ல மூலதனம் வேறென்ன வேண்டும்?

1930-இல் ஊர் திரும்பியவருக்குக் கிடைத்த வேலை கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் மண் பரிசோதனை. மான்செஸ்டர் டாக்டருக்கு மண் சோதிக்கும் வேலையா என்று நம்மில் பலர் அலுத்துக்கொண்டிருப்போம். அவர் மூன்று வருடம் அதைச் செய்தார். 1933-இல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய வேதியியல் துறைக்குத் தலைவரானார். இரண்டாம் உலகப்போர் வந்தது. லேபை ராணுவம் எடுத்துக்கொண்டது. மூட்டை கட்டிக்கொண்டு குண்டூருக்கும், பிறகு சென்னைக்கும் போய் வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று பருத்திப் பூ! நாட்டுப் பருத்தியின் மஞ்சள் பூவை நாம் பார்த்திருக்கிறோம். அதில் உள்ள சாயங்களில் ஒன்று காசிபெட்டின். அதற்கு நெருங்கிய உறவுக்காரர் குவெர்செட்டின். அது வெங்காயத் தோலில் ஏராளம். இரண்டிலும் எலும்புக்கூடு ஒன்றே: பதினைந்து கார்பன் அணுக்கள். குவெர்செட்டினில் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள், காசிபெட்டினில் ஆறு. ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான் வித்தியாசம். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயமும் வேப்பந்தட்டைப் பருத்தியும் மூலக்கூறு அளவில் பங்காளிகள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

அன்று இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இன்றுபோல் கருவிகள் கிடையாது. பூவைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறெடுப்பார்கள். சாறை வற்றவைத்துப் படிகமாக்குவார்கள். சாயத்தோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையை அமிலத்தால் பிரிப்பார்கள். காரத்தால் மூலக்கூறை இரண்டாக உடைத்து, துண்டுகள் என்னென்ன என்று பார்ப்பார்கள். அதிலிருந்து முழு உருவத்தை ஊகிப்பார்கள். பிறகு அதே பொருளைக் குடுவையில் தாங்களே தயாரித்து, பூவிலிருந்து வந்ததோடு கலந்து, உருகுநிலை மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். சேஷாத்ரி இன்னும் ஒரு படி மேலே போனார். பெர்சல்ஃபேட் என்ற சாதாரண ரசாயனத்தைக் கொண்டு, ஏற்கெனவே உள்ள வளையத்தில் புதிதாக ஒரு ஆக்சிஜனை நுழைக்கும் வழியைத் தம் மாணவர்களோடு வளர்த்தெடுத்தார். குவெர்செட்டின் வகையிலிருந்து காசிபெட்டின் வகைக்குப் போக வழி கிடைத்தது. செடியும் ஏறக்குறைய இப்படித்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைச் செய்கிறதோ என்ற பெரிய கேள்விக்கு அது அவரை இட்டுச் சென்றது.

1949-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, 1963-இல் பத்மபூஷண். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள். அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் நூற்றைம்பது பேருக்கு மேல். 1975-இல் மறைந்தார்.

"அண்ணே, அதெல்லாம் குடுவைக் காலம். இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்ல இல்ல நடக்குது?" என்று தம்பி கேட்கலாம். உண்மைதான். மூலக்கூறுகளைக் கணிப்பொறியில் ஆராய்ந்தவர்களுக்கு 1998, 2013, 2024 ஆண்டுகளில் வேதியியல் நோபலே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கதையிலும் சென்னைக்கு இடம் உண்டு. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும், ராமகிருஷ்ணனும், சசிசேகரனும் ஒரு கணக்குப் போட்டார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்கள் திரும்பும். எந்தெந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், எதில் முட்டாது? இதை மேசைமேல் வைக்கும் சாதாரணக் கணக்குப் பொறியில் தட்டித் தட்டியே கண்டுபிடித்து ஒரு வரைபடமாகப் போட்டார்கள். உலகில் எங்கே புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், இன்றும் அந்த 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஆசைக்காக, குவெர்செட்டினையும் காசிபெட்டினையும் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட வைத்துவிட்டுத் தூங்கினேன். பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்தான். காலையில் இரண்டின் உருவமும் திரையில் நின்றன. பல பேர் பல வருடம் உழைத்துக் கண்ட விடையைத்தான் நானும் பார்த்தேன். அந்த விடையைத் தேட வேண்டும் என்று நினைத்ததுதான் அவர்களுடைய பெருமை.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: முடியும். ஆனால் "முயற்சி பண்ணு" என்று சொன்னால் மட்டும் போதாது. சேஷாத்ரிக்கு மூளை இருந்தது; அதோடு கைகொடுக்க ஒரு மிஷன் இருந்தது, வழிகாட்ட ஒரு டே இருந்தார். குளித்தலையிலேயே அவர் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இனி நான் பேசுவது என் வயதுக்காரர்களிடம். ஒவ்வொரு சந்திப்பிலும் ஷீல்டுக்கும் சால்வைக்கும் செலவழிக்கிறோம். அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போக விரும்பும் நம் மாணவர்கள் இரண்டு பேருக்காவது பஸ் செலவும் தங்கும் செலவும் கொடுத்தால் என்ன? விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்க நான் தயார். முதல் தவணைப் பணமும் இந்தக் கட்டுரையோடு சேர்த்துச் சங்கத்துக்கு அனுப்புகிறேன்.

அடுத்த சந்திப்பில் அந்த வேப்பந்தட்டைத் தம்பியைத் தேடிப் பிடித்து, காபியை நானே வாங்கிக் கொடுத்து, எந்த லேபுக்குப் போனீர்கள் என்று கேட்க ஆசை.