கண்ணொளி இழந்த இசைத் தொண்டர் ஹெல்முட் வால்கா

திருவழிபாட்டில் இசைக்கு உள்ள இடத்தை நாம் நன்கு அறிவோம். 1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழாய் ஆர்கனை இலத்தீன் திருச்சபை பெரிதும் மதித்துப் போற்ற வேண்டும் எனப் பணித்தது. அந்தக் கருவிக்கே தம் வாழ்நாளை அர்ப்பணித்த ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரில் நினைவு கூர்வது தகும் என எண்ணுகிறோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். சங்கம் அன்போடு குறிப்பிட்ட பிரிந்த சகோதரருள் ஒருவர். ஆயினும் அவர் வாழ்வு நமக்கும் பாடமாகும்.

ஹெல்முட் வால்கா 1907-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். இசை மேதை யோஹான் செபாஸ்தியான் பாஹ், 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை பணியாற்றிய நகரம் அதுவே. வால்காவுக்குச் சிறு வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கிற்று. இருபது வயது நிறையுமுன் முற்றிலும் இருண்டுவிட்டது. அதற்குள் அவர் லைப்சிக் இசைக் கல்லூரியில் சேர்ந்து, புனித தோமா ஆலயத்தின் ஆர்கன் இசைஞர் குந்தர் ரமினிடம் பயின்று வந்தார். 1926 முதல் மூன்று ஆண்டுகள் அவருக்கே உதவியாளராகவும் இருந்தார்.

கண் தெரியாதவர் எவ்வாறு பாஹின் இசையைக் கற்றார்? அவ்விசை ஒரே இராகத்தைப் பின்தொடர்ந்து செல்வதன்று. மூன்று, நான்கு குரல்கள் தனித்தனியே நடந்து, ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளும். வால்கா ஒவ்வொரு குரலையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். முதலில் தாயாரும், பின்னர் மனைவியும் பிறரும் வாசித்துக் காட்டினர். கேட்ட குரல்களை ஒவ்வொன்றாக மனத்தில் பதித்து, பிறகு அவற்றைத் தாமே ஒன்று சேர்ப்பார். இவ்வாறே பாஹின் ஆர்கன் இசை முழுவதும் அவர் நினைவில் குடிகொண்டது. ஏட்டைப் பார்த்து வாசிப்பவருக்கு மறைந்துபோகும் நடுக்குரலும் அவர் கையில் தெளிவாக ஒலித்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

1929-இல் பிராங்பர்ட் நகர ஆலயம் ஒன்றில் பணியேற்றார். 1938-இல் அந்நகர இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். 1946 முதல் மூவரசர் ஆலயத்தின் ஆர்கன் இசைஞராக விளங்கினார். அமெரிக்காவிலிருந்தும் மாணவர் பலர் அவரைத் தேடி வந்தனர். ஆசிரியர் என்ற முறையில் அவர் மிகவும் கண்டிப்பானவர். ஆர்கன் உலகம் போற்றிய மாக்ஸ் ரேகரின் படைப்புகளை அவர் ஏற்கவில்லை. வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். அது பலருக்கு உடன்பாடாயில்லை. குரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

அக்கொள்கையே அவரைப் பழைய கருவிகளிடம் அழைத்துச் சென்றது. 1942-இல் குண்டுவீச்சினால் லூபெக் நகரின் புனித மரியா ஆலயம் தன் புகழ்பெற்ற ஆர்கன்களோடு எரிந்துபோயிற்று. புனித யாக்கோபு ஆலயமோ தப்பியது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1947-இல், அங்கிருந்த சிறிய ஆர்கனில் வால்கா பாஹின் இசையை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். பின்னர் காப்பல் என்னும் சிற்றூரில் உள்ள, ஆர்ப் ஷ்னிட்கர் 1680-இல் உருவாக்கிய ஆர்கனில் அப்பணி தொடர்ந்து 1952-இல் முடிந்தது. 1956 முதல் 1971 வரை, புதிய ஸ்டீரியோ முறையில், ஹாலந்தின் அல்க்மார் நகரிலும் ஸ்ட்ராஸ்பூர்கிலும் மறுமுறை பதிவு செய்தார்.

அவர் ஹார்ப்சிக்கார்டிலும் வல்லவர். பியானோவில் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். ஹார்ப்சிக்கார்டிலோ இறகுமுனை போன்ற ஒன்று கம்பியைச் சுண்டும். அக்கருவியில் பாஹின் 48 முன்னிசை-ஃபியூக் இணைகளையும் அவர் இருமுறை பதிவு செய்தார். இரண்டாம் முறை 1973-74-இல். அப்போது அவருக்கு வயது 66.

பாஹ் தம் கடைசி ஆண்டில் கண் அறுவைக்குப் பின் பார்வையிழந்தார் என்பது வரலாறு. அவரது 'ஃபியூக் கலை' நூலின் இறுதி ஃபியூக் முடிவு பெறாமல் நின்றது. அதற்கு ஒரு முடிவை எழுதி வாசித்தார் வால்கா. பார்வையற்ற ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து பார்வையற்ற மற்றொருவர் தொடர்ந்தார்!

உலகப் புகழ் பெற்ற பின்னும் அவர் தம் ஆலயப் பணியை விட்டாரில்லை. வழிபாட்டுப் பாடல்களுக்கு முன்னிசைகள் இயற்றி நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். 1981-இல் ஓய்வு பெற்று, 1991 ஆகஸ்ட் 11-ஆம் நாள் பிராங்பர்ட்டில் காலமானார்.

அன்பர்களே, வால்காவின் திறமை நமக்கு வாய்க்காமலிருக்கலாம். ஆனால் அவருக்காகப் பொறுமையோடு ஒவ்வொரு குரலாக வாசித்துக் காட்டினார்களே, அவர்களைப் போல் இருக்க நம்மால் முடியும். நம் பாடற்குழுவில் புதிதாய்ச் சேரும் சிறுவனுக்கு ஒரு பாடலைப் பத்துமுறை சொல்லிக் கொடுப்பவரும் அவ்வூழியத்தையே செய்கிறார். அத்தகையோர் நம் பங்கில் பெருக இறைவனை மன்றாடுவோம்.