சாவடியும் சாலையோரமும்: கொத்தவால்சாவடி முதல் ஜிர்காடாங் வரை

வண்டிகள் வந்து நின்று சரக்கு இறக்கும் இடத்திற்குத் தமிழில் ‘வண்டிப்பேட்டை’ என்று தனிப்பெயர் உண்டு. தங்கவும் தணிக்கை செய்யவும் சுங்கம் தண்டவும் ஏற்பட்ட இடம் ‘சாவடி’ எனப்பட்டது. சரக்கு வண்டி எங்கே நிற்கலாம் என்பதைப் பழைய ஊரமைப்பு இவ்வாறு முன்கூட்டியே வரையறுத்திருந்தது. இன்று பொட்டலங்கள் வீட்டு வாசலுக்கே வருவதால் ஒவ்வொரு தெருவோரமும் ஒரு சிறு வண்டிப்பேட்டையாகிவிட்டது. இந்நெரிசலைத் தீர்க்க நகரங்கள் கையாளும் வழிகள் இரண்டே: வண்டி வரும் நேரத்தை மாற்றுதல், நிற்கும் இடத்தை மாற்றுதல். இரண்டுமே பழையவை.

நேரத்தை மாற்றும் வழிக்குத் தொன்மையான சான்று ரோம். கி.மு. 45ஆம் ஆண்டளவைச் சேர்ந்த, சீசரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சட்டம், சூரிய உதயம் முதல் பகலின் பத்தாம் மணிநேரம் வரை சரக்கு வண்டிகள் நகருக்குள் ஓடுவதைத் தடுத்தது. கோயில் கட்டுமானம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பகல் நெரிசல் இரவின் இரைச்சலாயிற்று. தெருவோரக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்த எளியோர் உறக்கம் இழந்ததைக் கவிஞர் ஜுவெனல் பிற்காலத்தில் பதிவு செய்தார்.

இடத்தை மாற்றும் வழிக்குச் சென்னை சான்று. ஜார்ஜ் டவுனின் கொத்தவால்சாவடி, பெயரிலேயே காவல் அதிகாரியின் சாவடியைத் தாங்கி நிற்பது. அதன் குறுகிய தெருக்களில் காய்கறி லாரிகளும் கைவண்டிகளும் நெருக்கியடித்ததால், 1996இல் மொத்த விற்பனை கோயம்பேட்டில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த வளாகத்திற்கு மாற்றப்பட்டது. தெரு ஓரளவு மூச்சுவிட்டது. ஆயினும் வடசென்னையின் சிறு வியாபாரிக்குக் கொள்முதல் பயணம் நீண்டது. பிற சரக்குகளை ஏற்றிய மீன்பாடி வண்டிகள் இன்றும் அதே தெருவோரங்களில்தான் நிற்கின்றன.

இவ்விரு வழிகளின் எல்லையையும் காட்டுவது, பெருநகரமல்லாத ரங்கத்திற்குச் செல்லும் சாலை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஸ்ரீவிஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேயர்) சேரும் சரக்கின் ஒரு பகுதி, அந்தமான் பெருவழிச்சாலை வழியே மத்திய அந்தமானின் ரங்கத்தை அடைகிறது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகள் காத்திருந்து, குறித்த நேரங்களில் மட்டும் காவலர் துணையுடன் அணியாகப் புறப்படுகின்றன. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை வழியில் நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. காரணம், அச்சாலையின் ஓரம் ஜாரவா மக்களின் வாழிடம்.

1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்கீழ் ஒதுக்கப்பட்ட காட்டினூடே, அவர்களது எதிர்ப்பை மீறி இச்சாலை போடப்பட்டது. 1999இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியது. 2002இல் உச்ச நீதிமன்றம், ஒதுக்கக் காட்டினூடே செல்லும் பகுதிகளை மூட ஆணையிட்டது. ஆனால் சாலை மூடப்படவில்லை. அணிவகுப்பு முறையே தொடர்ந்தது. ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் மக்களின் உணவும் மருந்தும் மருத்துவப் பயணமும் இச்சாலையை நம்பியிருப்பது மறுக்க முடியாத நியாயம். கடல்வழியை வலுப்படுத்துவதே மாற்று என்போர் வாதமும் அத்தகையதே.

ரோமிலும் சென்னையிலும் ஜிர்காடாங்கிலும் விதியை வகுத்தோர் சரக்கின் ஓட்டத்தையே முதலில் கணக்கிட்டனர். அதற்கான விலையை ரோமில் தெருவோரக் குடியிருப்பாளரும், சென்னையில் சிறு வியாபாரியும், அந்தமானில் சாலையைக் கேட்டிராத ஒரு மக்களினமும் கொடுத்தனர். இன்று பொட்டல வண்டிகளுக்கென நகரங்களில் நிறுத்துமிடமும் நேரமும் வகுப்போர், எத்தனை நிமிடம் மிச்சமாகிறது என்பதோடு, அந்த ஓரத்தில் ஏற்கெனவே இருப்பவர் யார், அவரிடம் கேட்கப்பட்டதா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜிர்காடாங்கில் அக்கேள்வி சாலை போட்ட பின்னரே எழுந்தது. அதனால்தான் இன்றுவரை அதற்கு விடை கிட்டவில்லை.