குழு மோட்டார் இயக்கம்

குழு மோட்டார் இயக்கம் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மின்மோட்டார்களை ஒரே இன்வர்ட்டரால் ஓட்டும் முறை. இன்வர்ட்டர் நேர்மின்னோட்டத்தை வேண்டிய அதிர்வெண் கொண்ட மாறுமின்னோட்டமாக மாற்றுகிறது. அதனோடு இணையாகக் கோத்த எல்லா மோட்டார்களுக்கும் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஒன்றே. மோட்டாருக்கு ஒரு இன்வர்ட்டர் வைப்பதைவிடச் செலவும் எடையும் இடமும் குறையும். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆளும் வசதி போய்விடும்.

அடிப்படை

மோட்டாரின் காந்தப்புலம் சுழலும் வேகம் அதிர்வெண்ணையும் துருவங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 50 ஹெர்ட்சில் 4 துருவ மோட்டாருக்கு அது நிமிடத்துக்கு 1,500 சுற்று. 6 துருவத்துக்கு 1,000. அதிர்வெண்ணை 40 ஹெர்ட்சாகக் குறைத்தால் இவை 1,200, 800 என ஆகும். ஆகவே ஒரே இன்வர்ட்டரில் வெவ்வேறு மோட்டார்களை வெவ்வேறு வேகத்தில் ஓட்ட முடியும். அந்த வேகங்களுக்கு இடையிலான விகிதம் மட்டும் ஏறத்தாழ மாறாது.

தூண்டல் மோட்டார் தன் காந்தப்புலத்தைவிடச் சற்றே பின்தங்கிச் சுழல்கிறது. நழுவல் எனப்படும் இந்த வேறுபாடுதான் முறுக்குவிசையைத் தருகிறது. இயல்பான இயக்க எல்லைக்குள் நழுவல் கூடக் கூட முறுக்குவிசையும் கூடும். சுமை மாறும்போது ஒவ்வொரு மோட்டாரும் தன் நழுவலைத் தானே சரிசெய்துகொள்வதால், பல தூண்டல் மோட்டார்கள் ஒரே அதிர்வெண்ணைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. நிலைக்காந்த மோட்டாருக்கு நழுவல் இல்லை. அதன் சுழலி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை இன்வர்ட்டர் இடைவிடாது அறிந்திருக்க வேண்டும். 2010இல் ஓடத் தொடங்கிய டோக்கியோ மெட்ரோவின் 16000 வரிசை ரயில்களில் நிலைக்காந்த மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனி இன்வர்ட்டர் உண்டு. தூண்டல் மோட்டார் பூட்டிய பல ஜப்பானிய ரயில்களில் நான்கு மோட்டார்களுக்கு ஒரு இன்வர்ட்டரே போதுமானதாக இருக்கிறது.

ரயில் எஞ்சினில்

சேர்வராயன் மலையின் அடிவாரத்திலுள்ள சேலம் சந்திப்பு வழியே செல்லும் மின்சார எஞ்சின்கள் இம்முறைக்கு நல்ல சான்று. பழைய டபிள்யூஏபி-4 எஞ்சினில் ஆறு நேர்மின்னோட்ட மோட்டார்கள் உண்டு. மும்மூன்றாக அவற்றுக்கு மின்னோட்டம் தர, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் இரண்டு ரெக்டிஃபையர்கள் உண்டு. அடுத்த தலைமுறையான டபிள்யூஏஜி-9, டபிள்யூஏபி-7 எஞ்சின்கள் ஏபிபி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்து, பெரும்பாலும் சித்தரஞ்சன் ஆலையில் கட்டப்பட்டவை. இவற்றிலும் அதே பங்கீடு தொடர்ந்தது. போகிக்கு, அதாவது மூன்று அச்சுகளைத் தாங்கும் சக்கரச் சட்டகத்துக்கு, ரெக்டிஃபையரும் இன்வர்ட்டரும் சேர்ந்த ஒரு கன்வெர்ட்டர்; அதன் கீழ் இணையாக மூன்று தூண்டல் மோட்டார்கள். கன்வெர்ட்டரின் நடுவே நேர்மின்னோட்ட இணைப்பு 2,800 வோல்ட். மோட்டார் ஒவ்வொன்றும் 850 கிலோவாட், 6 துருவம், 65 ஹெர்ட்சில் 1,283 சுற்று.

அந்த அதிர்வெண்ணில் காந்தப்புலத்தின் வேகம் 1,300 சுற்று. நழுவல் 17 சுற்றுதான். இந்தச் சிறு இடைவெளியால் சக்கரத்தின் விட்டம் முக்கியமாகிறது. புதிய சக்கரம் 1,092 மி.மீ.; தேய்ந்து 1,016 வரை போகலாம். ஒரே போகியில் ஒரு சக்கரம் 1,092, இன்னொன்று 1,082 மி.மீ. என்று கொள்வோம். தண்டவாளத்தின் மேல் இரண்டும் ஒரே வேகத்தில் உருள வேண்டும் என்பதால் சிறிய சக்கரத்தின் மோட்டார் 12 சுற்று கூடுதலாகச் சுழலும். அதன் நழுவல் 5 சுற்றாகச் சுருங்கி, இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். பெரிய சக்கரத்தின் மோட்டார் சுமையைத் தாங்கிச் சூடேறும். மின் பிரேக் போடும்போது நிலை தலைகீழாகி, சிறிய சக்கரத்தின் மேல் சுமை ஏறும். எனவே ஒரு போகியின் சக்கரங்களை ஏறக்குறைய ஒரே விட்டத்தில் கடைந்து வைப்பது பராமரிப்பில் கட்டாயம்.

ஈரத் தண்டவாளத்தில் இதே பண்பு துணை நிற்கிறது. ஒரு சக்கரம் வழுக்கி வேகமெடுத்தால் அதன் மோட்டாரின் நழுவல் உடனே குறைந்து முறுக்குவிசை விழுந்துவிடும். பொது அதிர்வெண் குறிக்கும் வேகத்தைத் தாண்டி அந்த மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்ற முடியாது. ஒரு கன்வெர்ட்டர் பழுதானால் மூன்று மோட்டார்களும் ஓய்ந்து, எஞ்சினின் பாதி ஆற்றல் போவது இம்முறையின் பெருங்குறை. அச்சுக்கு ஒரு இன்வர்ட்டர் வைத்தால் இழப்பு ஆறில் ஒரு பங்குதான்.

ஆலைகளில்

உருட்டாலைகளில் எஃகுத் தகட்டை நகர்த்தும் உருளைமேசைகளில் வரிசையாக நிற்கும் பல மோட்டார்களுக்கு ஒரு இன்வர்ட்டர் வைப்பது வழக்கம். செயற்கை இழை நூற்பில் ஒரே பணியைச் செய்யும் உருளைகள் எல்லாம் துல்லியமாக ஒரே வேகத்தில் சுழல வேண்டும். அங்கே, சுழலியின் கோணத்தை இன்வர்ட்டர் அறியாமலே ஓடும் வகை நழுவலற்ற மோட்டார்களைப் பொது அதிர்வெண்ணில் கட்டிப்போடுவதே நன்மை.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை:

- இன்வர்ட்டரின் திறன் எல்லா மோட்டார்களின் மின்னோட்டக் கூட்டுத்தொகையைத் தாங்க வேண்டும்.
- இன்வர்ட்டருக்குத் தெரிவது மொத்த மின்னோட்டம் மட்டுமே. ஒரு மோட்டார் தனியே சூடேறுவதைப் பிடிக்க ஒவ்வொன்றுக்கும் தனி ஓவர்லோடு ரிலே தேவை.
- ஓடிக்கொண்டிருக்கும் இன்வர்ட்டரில் நின்றிருந்த மோட்டாரைச் சட்டென இணைத்தால், அது பன்மடங்கு மின்னோட்டத்தை இழுத்து இன்வர்ட்டரை டிரிப் ஆக்கலாம்.
- கேபிள் நீளத்தை எல்லாக் கிளைகளையும் கூட்டியே கணக்கிட வேண்டும்.

தனித்தனிக் கட்டுப்பாட்டு முயற்சிகள்

ஒரே இன்வர்ட்டரில் இருந்தபடியே மோட்டார்களைத் தனித்தனியே ஆளும் வழியை எமில் லெவி முதலான ஆய்வாளர்கள் 2004இல் விரிவாக வெளியிட்டனர். உதாரணமாக, இரண்டு ஐந்து கட்ட மோட்டார்களைத் தொடராக இணைத்து, கட்டங்களின் வரிசையை மாற்றிக் கோத்தால், ஒன்றுக்கு முறுக்குவிசை தரும் மின்னோட்டம் மற்றதைச் சுழற்றாது. ஆனால் அந்த மின்னோட்டம் மற்ற மோட்டாரின் சுருள் வழியாகவும் பாய்வதால் வெப்ப இழப்பு கூடுகிறது. கடையில் கிடைக்கும் மூன்று கட்ட மோட்டார்களை மட்டும் கொண்டு இதைச் செய்ய முடியாது.

மலைத்தோட்டங்களுக்குப் பொருந்துமா?

சேர்வராயன் மலைமேல் ஏற்காடு ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ளவை போன்ற காபித் தோட்டங்களில் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர், கழுவும் இயந்திரம், தண்ணீர் பம்பு மூன்றையும் ஒரே இன்வர்ட்டரில் மாட்டுவது சரிவராது. பல்ப்பருக்காக 50 ஹெர்ட்சை 40 ஆகக் குறைத்தால், மையவிலக்குப் பம்பு தரும் நீரேற்ற உயரம் வேகத்தின் இருபடிப்படி 64 விழுக்காடாகச் சுருங்கும். சரிவில் மேலேயுள்ள தொட்டிக்குத் தண்ணீர் எட்டாமல் போகலாம். தேவை வேறுபடும் இயந்திரங்களுக்கு ஏற்றது பொது நேர்மின்னோட்டத் தட முறை: ரெக்டிஃபையர் ஒன்று, இன்வர்ட்டர்கள் தனித்தனி. ஒன்று வேகம் குறையும்போது திருப்பித் தரும் ஆற்றலை இன்னொன்று பயன்படுத்திக்கொள்ளவும் இதில் வழியுண்டு. மோட்டார் இரண்டு மூன்றே என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவ் வாங்குவதே எளிது.