ஜெர்மானிய, ஆஸ்திரியப் போர்ப் பதக்கப் பட்டைகள்

பதக்கப் பட்டை என்பது, ஒரு படைவீரர் பெற்ற பதக்கங்களையும் சிலுவைகளையும் அவற்றுக்குரிய நாடாக்களுடன் ஒரே வரிசையில் தைத்து, சீருடையின் மார்பில் குத்திக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்ட அணி ஆகும். ஜெர்மன் மொழியில் இது ஓர்டென்ஸ்ஷ்னாலெ எனப்படுகிறது. நாடாக்களை மட்டும் கொண்ட சிறிய பட்டை அன்றாடச் சீருடையிலும், பதக்கங்கள் தொங்கும் பெரிய பட்டை விழாக்காலச் சீருடையிலும் அணியப்பட்டன. அரசு பதக்கங்களை வழங்கியது. அவற்றைப் பட்டையாக அமைக்கும் பணியைப் பொதுவாகத் தையற்காரர்களும் அணிகலன் வணிகர்களும் செய்தனர். இதனால் பட்டைகளின் அமைப்பு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

வரலாற்று முக்கியத்துவம்

பிரித்தானியப் போர்ப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டது. ஜெர்மானிய, ஆஸ்திரியப் பதக்கங்களில் பொதுவாக இவ்வழக்கம் இல்லை. எனவே, உரிய ஆவணங்கள் இல்லாத நிலையில், பதக்கங்களின் சேர்க்கையும் வரிசையும் மட்டுமே அவ்வீரரின் பணி வரலாற்றுக்குச் சான்றாகின்றன. பிரஷ்யப் படையினரின் ஆவணங்களில் பெரும்பகுதி ஏப்ரல் 1945 இல் பொட்ஸ்டாம் நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தமையால் இச்சான்றின் மதிப்பு மேலும் கூடுகிறது. பவேரியப் படை ஆவணங்கள் மியூனிக்கிலும், ஆஸ்திரியப் படை ஆவணங்கள் வியன்னாவிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு பட்டையைப் பிரித்துப் பதக்கங்களைத் தனித்தனியே விற்கும்போது இச்சான்று மீட்க முடியாதபடி அழிகிறது. தனிப் பதக்கங்களைச் சேர்த்துப் புதிய பட்டை செய்யும்போது பொய்ச்சான்று உருவாகிறது.

அமைப்பு வகைகள்

* பிரஷ்ய முறை: நாடாக்கள் மடிப்புகளாக அமைக்கப்பட்டு, அடுத்தடுத்த பதக்கங்கள் ஒன்றையொன்று ஓரளவு மறைக்கும்.
* பவேரிய முறை: நாடாக்கள் மடிப்பின்றித் தட்டையாக, அருகருகே தைக்கப்படும்.
* ஆஸ்திரிய முறை: ஏறத்தாழ 40 மி.மீ. அகலமுள்ள நாடா முக்கோண வடிவில் மடிக்கப்பட்டு, அதன் கீழ் முனையில் பதக்கம் தொங்கும்.

1938 இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்ட பின்னர், ஆஸ்திரிய வீரர் பலர் தம் பழைய பதக்கங்களை ஜெர்மானிய முறையில் மாற்றித் தைத்துக்கொண்டனர். எனவே முக்கோண நாடா இல்லை என்பதால் மட்டும் ஒரு பட்டையைப் போலி எனக் கொள்ள இயலாது.

காலத்தைக் கணித்தல்

ஒரு பட்டையில் உள்ளவற்றுள் கடைசியாக நிறுவப்பட்ட பதக்கத்தின் ஆண்டுக்கு முன்னர் அப்பட்டை அவ்வடிவில் இருந்திருக்க முடியாது. இதற்கு உதவும் சில ஆண்டுகள்:

* இரும்புச் சிலுவை: மார்ச் 10, 1813 இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமால் நிறுவப்பட்டது. 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது.
* சிக்னம் லௌடிஸ் எனப்படும் ஆஸ்திரியப் படைத்துறைத் தகுதிப் பதக்கம்: 1890
* கார்ல் படைச் சிலுவை: 1916
* ஆஸ்திரியக் காயப் பதக்கம்: 1917
* ஆஸ்திரியப் போர் நினைவுப் பதக்கம்: 1932
* உலகப் போர் கௌரவச் சிலுவை (ஹின்டன்பூர்க் சிலுவை): ஜூலை 13, 1934
* வேர்மாக்ட் நீண்டகாலப் பணிப் பதக்கங்கள்: 1936

ஆஸ்திரிய வீரப் பதக்கத்தில் பிரான்ஸ் யோசப்பின் உருவம் இருப்பின் ஜெர்மன் மொழி வாசகமும், 1916 இல் அவரை அடுத்துப் பேரரசரான கார்லின் உருவம் இருப்பின் இலத்தீன் வாசகமும் காணப்படும்.

சேர்க்கையின் பொருத்தம்

பதக்கங்கள் ஒவ்வொன்றும் உண்மையாக இருப்பினும், ஒருவரே பெற இயலாத சேர்க்கை பட்டையைப் பொய்யாக்குகிறது. எடுத்துக்காட்டாக, 1914 ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையை ஏற்கெனவே பெற்றவர், இரண்டாம் உலகப் போரில் அதே வகுப்பை மீண்டும் பெற்றபோது அவருக்கு நாடாவில் பொருத்தும் 1939 ஆம் ஆண்டுச் சின்னமே வழங்கப்பட்டது. எனவே 1914, 1939 ஆகிய இரு ஆண்டுகளின் சிலுவைகளும் ஒரே பட்டையில் தொங்கினால் ஐயம் கொள்ள வேண்டும். ஹின்டன்பூர்க் சிலுவையில் வாள்கள் இருப்பது போர்முனையில் பணியாற்றியவருக்கு உரியது. ஆகவே ஒரே பட்டையில் வாள்களுடன் ஒன்றும் வாள்கள் இன்றி ஒன்றும் இருத்தல் பொருந்தாது.

வரிசையும் கவனிக்கத்தக்கது. பேரரசுக் காலத்தில் பவேரியா போன்ற அரசுகளின் வீரர்கள் தம் அரசின் விருதுகளை முதலில் அணிந்தனர். 1930களின் விதிகளுக்குப் பின்னர் இரும்புச் சிலுவை முதலிடம் பெற்றது. பவேரிய விருது முதலிலோ இரும்புச் சிலுவைக்குப் பின்னரோ வருவது, பட்டை தைக்கப்பட்ட காலத்தை உணர்த்தக்கூடும்.

பொருட்களை ஆராய்தல்

பட்டையின் பின்புறமே பெரும்பாலும் அதிகம் சொல்கிறது. உலோகத் தகடு, ஊசி, அவற்றை மூடும் கம்பளித் துணி, தையல், கடையின் பெயர்ச்சீட்டு ஆகியவை ஒரே அளவில் முதுமை அடைந்திருக்க வேண்டும். நெடுங்காலம் பதக்கம் உராய்ந்த இடத்தில் துணியில் தடம் பதிந்திருக்கும். நாடாவின் வெளிப்பகுதி வெளுத்தும், மடிப்பின் உட்பகுதி நிறம் மாறாமலும் இருத்தல் இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே சீரான மங்கல், செயற்கையாகச் சாயமேற்றப்பட்டதைக் குறிக்கலாம்.

புற ஊதா விளக்கின் கீழ் நூலோ துணியோ பளிச்சென நீல வெண்மையில் ஒளிர்ந்தால், அதில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் உள்ளது எனலாம். இவ்வகைப் பொருட்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. எனினும் போருக்குப் பிந்திய சலவைத்தூளால் துவைக்கப்பட்ட பழந்துணியும் ஒளிரக்கூடும்; பழைய பட்டையைப் பிற்காலத்தில் செப்பனிட்டிருக்கவும் கூடும். அதுபோல், ஒளிராத பழந்துணியைக் கொண்டும் போலி செய்ய இயலும். எனவே எந்த ஒரு சோதனையும் தனித்து முடிவானது அன்று. ஆராயும்போது தையலைப் பிரிக்காதிருத்தல் முதன்மையான விதியாகும்.

சட்ட நிலை

மேற்கு ஜெர்மனியின் ஜூலை 26, 1957 சட்டம், நாட்சி காலப் போர் விருதுகளைச் சுவஸ்திகா நீக்கப்பட்ட வடிவில் மட்டுமே அணிய இசைவளித்தது. இவ்வாறு பின்னர் செய்யப்பட்ட பதக்கங்கள் கொண்ட பட்டைகள் போலிகள் அல்ல. அவை 1957 வடிவம் என வகைப்படுத்தப்படுகின்றன. சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் தடை செய்கிறது. கல்வி, ஆய்வு, வரலாறு போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. ஆஸ்திரியாவிலும் 1947, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இது தொடர்பான கட்டுப்பாடுகளை விதிக்கின்றன.